நூற்று முப்பத்தேழு கிலோ

கிறகோரி நூற்று முப்பத்தேழு கிலோ இருந்த காலத்தில்தான் மரியநாயகி நிம்மதியாக இருந்தாள். இதை வெளியே சொன்னால் சனம் காறித் துப்பும். புருசன் மூச்சு வாங்கிக்கொண்டு கதிரையில் கிடக்க, பெண்சாதிக்கு அதில் என்ன நிம்மதி என்று கேட்கும். கேட்கட்டும். கேட்கிற வாய்களில் ஒன்றிலாவது அவன் அடித்து இரண்டு பல்லுப் போயிருக்கிறதா? மரியநாயகிக்குப் போயிருக்கிறது. இடது காதும் கேட்காது. தோள் எலும்பு உடைந்து கோணலாகப் பொருந்தியது, மாரி காலத்தில் இன்றைக்கும் குத்தும்.

குருநகரில் கிறகோரியைத் தெரியாதவர் இல்லை. இரண்டு படகுக்குச் சொந்தக்காரன், பத்துப் பேரைக் கடலில் அடக்கி வைத்திருந்த சம்மாட்டி. கோயில் திருவிழாவில் புனிதரின் சுரூபம் வைத்த கூட்டைத் தோளில் சுமக்கிற எட்டுப் பேரில் முன்கொம்பு அவனுடையது. முன்கொம்பு பிடிக்கிறவன் வைக்கிற அடிக்குத்தான் மற்ற ஏழு பேரும் நடக்க வேண்டும். அந்தத் தோளை ஊரே வாய் பிளந்து பார்த்தது. வீட்டுக்குள் அதே தோள் என்ன செய்தது என்பதும் ஊருக்குத் தெரியாமல் இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்காதபடி அழுகிற பெண்ணல்ல மரியநாயகி. ஆனால் புருசன் பெண்சாதி பிரச்சினையில் தலை போடக்கூடாது என்று ஊர் ஒரு நாகரிகம் வைத்திருந்தது. நல்ல நாகரிகம்!

கலியாணம் கட்டி முதல் இருபத்திரண்டு வருசமும் அடிதான். மீன் பட்டால் குடித்துவிட்டு அடி, படாவிட்டால் குடிக்காமல் அடி. விறாந்தைச் சுவரில் ஆணியில் காய்ந்த திருக்கை வால் ஒன்று தொங்கும். தொட்டாலே சொரசொரக்கிற சாமான். உடம்பில் பட்டால் தோலையும் கொண்டுதான் திரும்பும். பிள்ளையை வெருட்ட வைத்திருக்கிறேன் என்று வருகிறவர்களுக்குச் சொல்லுவான். இருந்தது ஒரே பிள்ளை, ஜெசிதா. அவளை அவன் ஒருநாளும் தொட்டதில்லை. தோளில் வைத்துக்கொண்டு கடற்கரை முழுக்கத் திரிவான், கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுப்பான்.

ஒன்பது வருசத்துக்கு முதல் படகைக் கரையில் ஏற்றும்போது என்ஜின் சரிந்து அவன் வலது முழங்காலில் விழுந்தது. சத்திர சிகிச்சை, பிறகு கட்டில், பிறகு விறாந்தைக் கதிரை. தொழிலுக்குப் போகாத மனிதன் சாப்பிட்டான். மரியநாயகி சமைத்துப் போட்டாள். அதில் அப்போது அவளுக்கு ஒரு யோசனையும் இருக்கவில்லை.

ஒருநாள் தேத்தண்ணி பிந்திவிட்டது. "எடியே!" என்று கத்திக்கொண்டு கதிரையின் இரண்டு கைகளையும் ஊன்றி எழும்பினான். பாதிதான் எழும்பினான். முழங்கால் மடங்க, உடம்பு தொப்பென்று கதிரைக்கே போய்ச் சேர்ந்தது. இன்னொரு தரம் எத்தனித்தான். அதுவும் சரிவரவில்லை. மரியநாயகி கோப்பையும் கையுமாக ஆறடி தள்ளி நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். கிளினிக் கொப்பியில் அந்த மாதம் அவனுக்கு நூற்றிருபத்தைந்து கிலோ என்று எழுதியிருந்தது. அன்று பின்னேரம் கறிக்கு வழக்கமான அரைத் தேங்காயை விட்டுவிட்டு, ஒரு முழுத் தேங்காயைத் துருவினாள்.

அதிலிருந்து சமையல் வேறு. கூழுக்குள் நண்டும் இறாலும் குவியும். பிட்டுக்கு நெய், இடியப்பத்துக்குக் கட்டிப்பால், காலையில் முட்டைக் கோப்பி, பின்னேரம் வாய்ப்பன். மனிசனை ராசா மாதிரி வைத்திருக்கிறாள் என்று அக்கம் பக்கம் மெச்சியது. ஒரு தரம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லியும் பார்த்தாள். "சுவாமி, நான் என்ரை மனிசனுக்கு வேணுமெண்டே கூடச் சாப்பாடு குடுக்கிறன்." சுவாமியார் சிரித்துவிட்டு, அது பாவமில்லை அம்மா என்று அனுப்பிவிட்டார். அவள் மேற்கொண்டு விளக்கவில்லை.

கதிரையிலிருந்து குசினி வாசலுக்குப் பதினொரு அடி. அவன் கை நீளம் இரண்டே முக்கால் அடி. சாப்பாட்டை ஸ்டூலில் வைத்து, ஸ்டூலைக் காலால் தள்ளிவிடுவாள். வாய் ஓயாது, சில நாள் கோப்பை பறக்கும். பறக்கிற கோப்பைக்கு விலகலாம். தலைமயிரைச் சுற்றிப் பிடிக்கிற கைக்குத்தான் விலக முடியாது. அந்தக் கையிலிருந்து ஒன்பது வருசம் அவள் தப்பியிருந்தாள்.

போன தை மாதம், இரத்தத்தில் சீனி கூடிவிட்டது, இதயமும் வீங்கியிருக்கிறது என்று டொக்டர் சொன்னார். ஜெசிதா சுவிசில் கலியாணம் கட்டி, ஆறு வயதில் ஒரு மகளோடு இருக்கிறாள். வீடியோ கோலில் வந்து அழுதாள்.

"அப்பா செத்துப்போவார் அம்மா. நீங்கள் போடுற சாப்பாடுதான் அவரைக் கொல்லுது."

கொக்குவிலில் சிவகௌரி என்று ஒருத்தி டயற் சாப்பாட்டுப் பெட்டி செய்து கொடுக்கிறாளாம். ஒரு நாளைக்கு மூன்று பெட்டி, எல்லாம் கிராம் கணக்கில் நிறுத்தது. காலையில் வீட்டு வாசலுக்கு வரும். ஜெசிதா அங்கிருந்தே சொல்லி ஒழுங்குபடுத்திவிட்டாள்.

"அந்தப் பெட்டியைத் தவிர ஒரு பருக்கை குடுக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்."

"அவர் இப்பிடியே இருக்கட்டும் பிள்ளை."

"என்ன கதை கதைக்கிறீங்கள்? அப்பா இப்ப முந்தி மாதிரி இல்லைத்தானே. எவ்வளவு சாந்தமாயிட்டார். திருந்தின மனிசனைச் சாக விடச் சொல்லுறீங்களோ?"

அவன் திருந்தவில்லை, பெருத்தான். அவ்வளவுதான் நடந்தது. அதை மகளிடம் எந்த வாயால் சொல்வது?

முதல் பெட்டியைக் கொண்டுவந்தவன் கீர்த்திகன், சிவகௌரியின் புருசன். மூடியைத் திறந்து காட்டினான். உள்ளே ஒரு கைப்பிடி குரக்கன் பிட்டு, கொஞ்சம் கீரை, தீப்பெட்டி அளவில் ஒரு மீன் துண்டு.

"உதென்னடா உது?" என்றான் கிறகோரி. "பூனைக்கு வச்சதை எனக்குக் கொண்டு வந்திட்டியோ?"

பெட்டி பறந்தது. விளிம்பு கீர்த்திகனின் புருவத்தைக் கிழித்து, இரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. மரியநாயகிக்கு வந்த சந்தோசத்தில் அதைத் துடைக்கக்கூடக் கொஞ்ச நேரம் தோன்றவில்லை. சனியன் இதோடு ஒழிந்தது என்று நினைத்தாள்.

ஒழியவில்லை. அடுத்த நாள் சிவகௌரியே எடை மெசினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கட்டையான பெண், வெருளாதவள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஜெரிசனும் விறாந்தையில் இருந்தான். அவன் கோயில் சபையில் ஆள், கூடு தூக்குகிறவர்களைத் தெரிவு செய்கிறவன். சிவகௌரி சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். தோளில் முன்கொம்போடு முப்பது வயதுக் கிறகோரி.

"இது ஆர், உங்கடை தம்பியோ?" என்று கேட்டாள்.

"அது அண்ணைதான்," என்றான் ஜெரிசன். "இப்ப முன்கொம்புக்கு ஆளில்லாமல் நாங்கள் படுற பாடு! அண்ணை பிடிச்சமாதிரி ஒருத்தனுக்கும் வராது."

கிறகோரியின் முகம் கறுத்தது. கன நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆடித் திருவிழாவுக்கு முன்கொம்பு நான் தூக்குவன்," என்றான். "கொண்டாங்கோ உங்கடை பூனைச் சாப்பாட்டை."

அடுத்த மாதம் தபசு காலம் தொடங்கியது. ஊர் முழுக்க இறைச்சியை விட்டு, சாராயத்தை விட்டு, ஒறுத்தல் செய்கிற காலம். கிறகோரியின் பெட்டியும் அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டது. பாரடா, எப்பேர்ப்பட்ட மனிசன் எப்படி ஒறுக்கிறான் என்று சனம் உருகியது. மெலிகிறவன் மனமும் மாறுகிறான் என்று எல்லாரும் தாங்களாகவே முடிவுகட்டினார்கள். பிரசங்கத்தில் சுவாமியார் பெயர் சொல்லாமல் அவனைப் புகழ்ந்தார், எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது.

சனிக்கிழமைதோறும் சிவகௌரி வந்து நிறுப்பாள். மற்றவர்களுக்கு அது கிலோ. மரியநாயகிக்கு அது தூரம். நூற்றிருபத்துநாலில் கதிரையை விட்டு ஒரு கையை ஊன்றி எழும்பினான். நூற்றுப் பத்தொன்பதில் தடியோடு தெருப் படலை வரைக்கும் போனான். நூற்றுப் பதினைந்தில், பெரிய வெள்ளியன்று, சிலுவைக்கு முன்னால் முழங்காலில் நின்றான். பார்த்திருந்த பெண்கள் அழுதார்கள். மரியநாயகிக்கும் கண்ணீர் வந்தது. அவளுடைய கண்ணீர் வேறு கணக்கு.

உயிர்த்த ஞாயிறு போய் மூன்றாம் நாள், அவள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். இடது பக்கமாக வந்து அவன் கூப்பிட்டிருக்கிறான். அந்தக் காது கேட்காது. கேட்காமல் செய்தவனே அவன்தான்.

"கூப்பிடுறது விளங்கேல்லையோடி?"

திரும்ப முதலே கன்னத்தில் விழுந்தது. தலை போய்ச் சுவரில் இடித்தது, வாயெல்லாம் உப்புக் கரித்தது. அவன் அதோடு நிறுத்தி, தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தொலைந்த சாமான் கிடைத்தவன் போல மெல்லச் சிரித்தான். பிறகு நடந்து போய்க் கதிரையில் இருந்தான். அன்றைக்கு அவன் நூற்றுப் பதின்மூன்று கிலோ.

மரியநாயகி இரத்தத்தைத் துப்பிவிட்டு யோசித்தாள். கனக்க யோசிக்க என்ன இருக்கிறது? அடுத்த நாள் காலை பெட்டி வந்ததும், குசினிக்குக் கொண்டுபோய் மூடியைத் திறந்தாள். குரக்கன் பிட்டுக்குள் இரண்டு கரண்டி நெய் விட்டுப் பிசைந்தாள். கீரைக்குக் கட்டிப்பால். மீன் துண்டை எண்ணெயில் பொரித்துத் திரும்ப வைத்தாள். அவன் ருசித்துச் சாப்பிட்டான். கொக்குவில்காரி இப்போதுதான் சமைக்கப் பழகியிருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டு விரலையும் நக்கினான்.

முதல் சனி ஒரு கிலோ ஏறியது. அடுத்த சனி இன்னும் இரண்டு. சிவகௌரி மெசினைத் தட்டிப் பார்த்தாள், மாற்றி வைத்துப் பார்த்தாள். மிச்சம் கிடந்த பெட்டியைத் தூக்கி மணந்து பார்த்தாள்.

"அன்ரி, வேறை ஏதும் குடுக்கிறீங்களோ? பிட்டு நெய் மணக்குது. நான் நெய்யே போடுறேல்லையே."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் கேட்டாள். கிறகோரி மரியநாயகியைப் பார்த்தான். ஒன்பது வருசச் சாப்பாடும் அவன் கண்ணில் ஒவ்வொன்றாக வந்து போனதை அவள் கண்டாள்.

"விடுங்கோ தங்கச்சி," என்று சிரித்தான். "இவளுக்கு என்னிலை பாசம் கூட."

சிவகௌரியின் ஸ்கூட்டிச் சத்தம் ஒழுங்கை முடக்கில் தேய்ந்ததும் கதவைச் சாத்தினான். திருக்கை வாலை ஆணியிலிருந்து எடுத்தான். இந்த முறை குடிக்கவில்லை, கத்தவுமில்லை. முதல் வீச்சில் சட்டையின் முதுகுத் துணி கிழிந்தது, இரண்டாவதில் தோல். அவள் கையை முகத்துக்குக் கொடுத்தாள். வால் கையைச் சுற்றிக்கொண்டு இழுத்தது. விழுந்தவளின் இடுப்பில் காலை வைத்து அமத்திக்கொண்டு விளாசினான்.

"கதிரையிலை வச்சு என்னைக் கொல்லப் பார்த்தனியோடி? ஒன்பது வருசம்! ஒன்பது வருசம் என்னைப் பண்டி மாதிரி வளத்தனி!"

வருசத்துக்கு ஒன்றென்று சொல்லிச் சொல்லி அடித்தான். ஒன்பதில் நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு பெட்டியை அவனே வாசலில் வாங்கி அவனே திறந்தான். குசினிப் பக்கம் போகவே விடவில்லை. அடுத்த சனி சிவகௌரி வந்தபோது மரியநாயகி நீளக் கைச் சட்டை போட்டிருந்தாள். மெசினை எடுத்துக் கொடுக்கக் குனிந்தபோது சட்டைக் கை மேலே ஏறிவிட்டது.

"ஐயோ, இது என்ன அன்ரி?"

"போன சனி நீங்கள் கேட்ட கேள்வி பிள்ளை," என்றாள் மரியநாயகி.

சிவகௌரிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் முகம் வெளுத்தது. விறாந்தைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "பொலிசுக்குச் சொல்லுவமே?"

"வருவினம், போவினம். நான் இந்த வீட்டிலைதானே இருக்க வேணும்."

"அப்ப நான் பெட்டியை நிப்பாட்டட்டோ?"

"மகள் வேறை ஆரிட்டையும் எடுப்பாள்."

சிவகௌரி மெசினைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போனாள். பெட்டிக்கு விளம்பரம் போடுகிற அவளுடைய முகநூல் பக்கத்தில் கிறகோரியின் இரண்டு படங்கள் அருகருகே இருந்தன, முந்தியது ஒன்று, இப்போதையது ஒன்று. அதைப் பார்த்துத்தான் குருநகரில் மட்டும் பதினைந்து வீடு பெட்டி எடுத்தது. அந்தப் படம் அங்கேயே இருந்தது. பெட்டியும் வந்துகொண்டே இருந்தது. அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. சொல்லாமல் விடவும் மனமில்லை.

வைகாசி, ஆனி முழுக்க அவன் இறங்கிக்கொண்டே வந்தான். நூற்றெட்டு, நூற்று மூன்று, தொண்ணூற்றொன்பது. டயற்றில் சாராயம் கூடாது என்று சொல்லியிருந்தபடியால் குடிக்காமல்தான் அடித்தான். முந்தி வெறியில் குறி தப்பும். இப்போது தப்பவில்லை. விடிய எழும்பி நடப்பான், தோளில் மண் மூட்டையைத் தூக்கிப் பழகுவான், குளித்துவிட்டு வந்து இரண்டு அடி அடிப்பான். காரணம் தேவைப்படவில்லை. தன்னைத் திரும்ப அந்தக் கதிரையில் இருத்தக்கூடியவள் இவள் ஒருத்திதான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. இவளை உயிரோடு வைத்திருப்பதே தனக்கு ஆபத்து என்ற யோசனையும் மெல்ல மெல்ல அவன் கண்ணில் வந்தது. கழுத்தைப் பிடித்து நெரித்துவிட்டு, கடைசி நேரத்தில் விடப் பழகியிருந்தான். ஒருநாள் விடமாட்டான் என்று மரியநாயகிக்குத் தெரியும்.

ஒருநாள் துணிந்து ஜெசிதாவிடம் சொன்னாள். "அப்பா திரும்பக் கை ஓங்குறார் பிள்ளை."

"அது பசிக் கோவம் அம்மா," என்று ஜெசிதா அவசரமாகச் சொன்னாள். "டயற்றிலை அப்பிடித்தான் எரிச்சல் வரும். போகப் போகச் சரியாயிடும்." சொல்லும்போது அவள் முகம் போனில் இல்லை. வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். உடனே மகளின் பள்ளிக்கூடக் கதையைத் தொடங்கிவிட்டாள்.

திருவிழாவன்று கிறகோரி தொண்ணூற்றேழு கிலோ. வெள்ளை வேட்டி, புதுச் சட்டை, தோளில் மடித்த துவாய். காலைத் திருப்பலி முடிந்து கூடு வெளியே வந்தபோது முன்கொம்பு அவன் தோளில் இருந்தது. வலது கால் கொஞ்சம் இழுத்தது, ஆனால் பிசகவில்லை. பாண்ட் அடிக்க, வெடி கொளுத்த, சனம் கை தட்டியது. ஜெரிசன் போனை உயர்த்திப் பிடித்து ஜெசிதாவுக்கு எல்லாவற்றையும் காட்டினான். கூட்டை இறக்கியதும் குடும்பமாக நிற்கச் சொல்லிப் போனைத் திருப்பினான். மரியநாயகி முக்காட்டைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். யாரோ அவளை அவன் பக்கத்தில் தள்ளிவிட, பிடி நழுவியது.

"அம்மான்ரை கழுத்திலை என்ன?" என்று போனுக்குள்ளிருந்து ஜெசிதாவின் குரல் கேட்டது.

பக்கத்தில் நின்ற பத்துப் பேரும் பார்த்தார்கள். நாலு விரல் அடையாளம், நீலமாக. பிறகு கூட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"பந்தல் கட்டேக்கை கயிறு பட்டிட்டுது பிள்ளை," என்றான் கிறகோரி.

"ஓம் அப்பா," என்றது போன்.

மத்தியானம் சொந்தக்காரருக்கு விருந்து. மரியநாயகி பரிமாறினாள். கிறகோரி எல்லாரோடும் சிரித்துக் கதைத்தான், தன் பெட்டியை மட்டும் திறந்து சாப்பிட்டான். மூன்று மணிக்குக் கடைசி ஆளும் போனது. அவன் முன்கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டான். பின்கதவையும் போய்ப் பூட்டித் திறப்பை மடியில் செருகினான்.

"என்ரை திருவிழாவிலை என்ரை மானத்தை வித்திட்டாய் என்ன?"

அவள் ஓடினாள். ஓட எங்கே இடம்? குசினிக்குள் போய், மேசைக்குக் கீழே, மூலையில் கிடந்த அம்மியோடு ஒட்டிக் குந்திக்கொண்டாள். அவன் வாலோடு வந்தான். வீசினால் மேசைக் காலில்தான் பட்டது. மேசையை இழுத்துப் பார்த்தான், சுவரோடு இறுகியிருந்தது. வாலை எறிந்துவிட்டு, இடது முழங்காலை நிலத்தில் ஊன்றி, வலது காலை மடித்துக் குந்தினான். மேசைக்குக் கீழே கையை விட்டுத் தலைமயிரைப் பிடித்துச் சுற்றினான். மற்றக் கை கழுத்துக்கு வந்தது. அந்தக் கை இறுக்கிய விதத்தில், இன்றைக்கு விடமாட்டான் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

அவள் கண் முன்னால் அவனுடைய வலது முழங்கால் இருந்தது. நூற்று முப்பத்தேழு கிலோவில் இப்படிக் குந்த அவனால் முடிந்திருக்காது. அவள் கை அம்மியில் தடவி, குழவியைக் கண்டுபிடித்தது. இரண்டு கையாலும் தூக்கி இறக்கினாள்.

முதல் அடியில் கழுத்து விடுபட்டது. இரண்டாவதில் ஏதோ நொறுங்கியது குழவி வழியாக அவள் கையிலேயே தெரிந்தது. அவன் மல்லாக்கச் சரிந்து அலறினான். அவள் மேசைக்குக் கீழிருந்து வெளியே வந்து, மூச்சை ஒருமுறை எடுத்துவிட்டு, நின்ற நிலையில் மூன்றாவதையும் போட்டாள். அதற்கு அவசியம் இல்லை என்று யாராவது சொல்லலாம். அவர்கள் வந்து முப்பத்தொரு வருசம் இருந்துவிட்டுச் சொல்லட்டும்.

வெளியே பாண்ட் அடித்துக்கொண்டிருந்தது. அவன் கால் மணித்தியாலம் கத்தினான். ஒருவருக்கும் கேட்கவில்லை. அவள் கத்திய காலத்திலும் அந்தக் காதுகளுக்குக் கேட்டதில்லை. பிறகு அவன் மடியிலிருந்து திறப்பை எடுத்து, கதவைத் திறந்து, ஜெரிசனிடம் ஓட்டோ பிடிக்கச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார், எப்படி நடந்தது என்று. கிறகோரி சுற்றவரப் பார்த்தான். காலையில் கூடு தூக்கியவர்களில் மூன்று பேர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். பெண்சாதி குழவியால் அடித்து உடைத்தாள் என்று அவர்களுக்கு முன்னால் சொல்ல அவன் வாய் வரவில்லை.

"கிணத்தடியிலை வழுக்கி விழுந்திட்டன்," என்றான்.

மரியநாயகி இதே வசனத்தை இதே ஆஸ்பத்திரியில் நாலு தரம் சொல்லியிருக்கிறாள். அவர்கள் வீட்டில் கிணறு இல்லை; குழாய்த் தண்ணிதான்.

இரண்டு கிழமை கழித்து ஆஸ்பத்திரியில் துண்டு எழுதி அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். காலில் இடுப்பு வரைக்கும் கட்டு. அன்றைக்கே ஜெசிதா கோல் எடுத்தாள். மரியநாயகி குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்தாள்.

"டொக்டரோடை கதைச்சனான் அம்மா. எடை ஏறாமல் பார்த்தால் ஆறு மாசத்திலை நடப்பாராம். பெட்டி தொடர்ந்து வரும். அப்பாவைக் கவனமாய்..."

"நான்தான் அடிச்சனான் பிள்ளை," என்றாள் மரியநாயகி. "குழவியாலை."

ஜெசிதா குறுக்கே கேட்க முதலே தொடர்ந்தாள்.

"அவர் என்னைக் கழுத்தை நெரிச்சவர். இனி எழும்பினால் கொல்லுவார். ஆறு மாசமெண்டு நீ சொல்லுறது எனக்கு ஆறு மாசம்தான். உனக்கு அப்பா மெலிய வேணுமெண்டால் உங்கை கூப்பிடு. உன்ரை வீட்டிலை வச்சுப் பெட்டி குடு. உன்ரை மகளை அவரோடை ஒரு வீட்டிலை விட்டிட்டு நீ வேலைக்குப் போவியோ? சொல்லு, போவியோ?"

கோல் அறுந்துவிட்டதோ என்று மரியநாயகி போனைப் பார்த்தாள். அறுபடவில்லை. ஜெசிதாவின் முகம் அதில் இருந்தது, இந்த முறை நேராக.

"நான் சின்னனிலை கட்டிலுக்குக் கீழை கிடந்து எண்ணுறனான் அம்மா," என்றாள். "ஒவ்வொரு அடியா எண்ணுவன். இருபதுக்கு மேலை அப்ப எனக்கு எண்ணத் தெரியாது. திரும்ப ஒண்டிலை இருந்து தொடங்குவன்."

அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாள். மரியநாயகி அடுப்படியில் இருந்து அழுதாள். மகளுக்குத் தெரியும். இவ்வளவு காலமும் தெரியும். அவன் அடித்த அடியில் எதுவும் இப்படி வலித்ததில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கீர்த்திகனின் ஸ்கூட்டி ஒழுங்கைக்குள் வந்தது. ஜெரிசன் வீட்டில் நின்றது, எதிர்வீட்டில் நின்றது, பிறகு போய்விட்டது. கிறகோரி கதிரையில் இருந்து படலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கை என்ரை பெட்டி?"

"மகள் நிப்பாட்டிப் போட்டாள்," என்றாள் மரியநாயகி, மூன்றடி தள்ளி நின்று.

"ஆர்? ஜெசிதாவோ?"

"ஓம். ஜெசிதாதான்."

அவன் அவளைப் பார்த்தான். கதிரையின் கைகளை இறுக்கிப் பிடித்தான், எழும்ப எத்தனித்தான், கட்டுப் போட்ட கால் விடவில்லை. முப்பத்தொரு வருசத்தில் முதல் தடவையாக அவன் முகத்தில் அவள் பயத்தைக் கண்டாள்.

"இண்டைக்கு என்ன சமைக்கட்டும்?" என்று கேட்டாள்.

"எனக்கு ஒண்டும் வேண்டாம். நீ சமைக்கிறதை நான் தின்னமாட்டன்."

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போய் அடுப்பை மூட்டினாள். நண்டுக் கறியின் மணம் விறாந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. பதினொரு மணிபோல அவனுக்குப் பசித்தது.